வெட்டிய ஏணி

செப்டம்பர் 24

சின்னவனுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு உன் வீட்டுக்காரியிடம் போய்ப் பீற்றிக்கொள்ளாதே. "இனி உன்னோட ஒரு வார்த்தை பேசினா என்னை ஏன்னு கேளு" என்று சுவர் எழும்பிய அன்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. எழுதுவது பேசுவதில் சேராது. மீட்டர் பெட்டிக்குத்தான் நம் இருவரிடமும் சாவி இருக்கிறது, அதனால் அதற்குள் வைக்கிறேன். ஊரிலுள்ள கம்பமெல்லாம் ஏறி இறங்குகிற லைன்மேன், சொந்த வீட்டு மீட்டரையும் எப்போதாவது திறந்து பார்ப்பாய் என்று நம்புகிறேன்.

விஷயம் கூரை. வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம், கூரையைப் பிரிக்கத் தெரியவில்லை. வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே தகரம்தான். நேற்று எதிர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தைத்த சீருடைகளைக் கொடுக்கப் போனேன். அவர்கள் மாடியிலிருந்து நம் கூரை நன்றாகத் தெரிகிறது. உன் பக்கம் போல்ட்டெல்லாம் துருப்பிடித்து, உச்சியில் இருக்கிற தகடுகள் சும்மா அடிக்கிற காற்றுக்கே தாளம் போடுகின்றன. புயல் வந்தால் உன் தகரம் தனியாகப் போகாது, என்னுடையதையும் உரித்துக்கொண்டுதான் போகும்.

புயல் மாதங்கள் வந்துவிட்டன. இந்த வருஷம் கொஞ்சம் கூடவே இருக்குமாம், ரேடியோவில் சொன்னார்கள். இந்த மாதம் முழுக்க அப்பா உன் பக்கம். ஒன்றாம் தேதி என் பக்கம் வந்துவிடுவார். ஒரு கையும் ஒரு காலும் வராத மனிதரை வைத்துக்கொண்டு, கூரை பறந்தபிறகு யோசிக்கலாம் என்று நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். உன் பக்கத்தைச் சரி செய். என் பக்கத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று நீ கேட்பாய். ஏணியின் கீழ்ப்பாதி என்னிடம் இருக்கிறது. அது ஜன்னல் வரைக்கும்தான் போகிறது. பக்கத்து வீட்டில் ஏணி கேட்கலாம். கேட்டால், "உங்க ஏணி என்ன ஆச்சு?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு நான் கூரை இல்லாமலே இருந்துவிடுவேன்.

பெரியவள்


செப்டம்பர் 26

அக்காவுக்கு,

மீட்டர் பெட்டியில் காகிதத்தைப் பார்த்ததும் ஏதோ நோட்டீஸ் என்று நினைத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும், நோட்டீஸாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கூரை பற்றி நீ சொல்வது சரி. எனக்கும் தெரியும். நாள் முழுக்க ஊரான் கம்பத்தில் ஏறிவிட்டு வருகிறவனுக்குச் சொந்தக் கூரையில் ஏறச் சோம்பல். இதைப் படித்துவிட்டு நீ "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லியிருப்பாய். சுவருக்கு இந்தப் பக்கமே எனக்குக் கேட்டது.

என்னிடம் இருப்பது மேல்பாதி. அதுவும் ஜன்னல் வரைக்கும்தான் போகிறது. நியாயமாக வெட்டியிருக்கிறோம், யாரும் குறை சொல்ல முடியாது. அப்பா அன்றைக்குக் கட்டிலிலிருந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும். "பாத்திரம் பிரிச்சாச்சு, நாற்காலி பிரிச்சாச்சு. அந்த ஏணி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, அதையும் ரெண்டா வெட்டிக்குங்க." அவர் குத்திக்காட்டத்தான் சொன்னார். அளவு நாடாவை நீ எடுத்து வந்தாய், ரம்பத்தை நான் எடுத்து வந்தேன். முப்பது வருஷம் பஸ்ஸில் எத்தனையோ சண்டைக்காரர்களை இறக்கிவிட்ட கண்டக்டர், தன் பிள்ளைகள் ஏணியை அறுப்பதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, உன் பாதியை வாசல் கேட் பக்கத்தில் வைத்துவிட்டுப் போ. இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறேன். ஆபீஸ் ஏணியை வீட்டுக்குத் தூக்கி வந்தால் என் வேலை போய்விடும். நான் மேலே இருக்கும்போது நீ வெளியே வந்து "அங்க அடி, இங்க அடி" என்று கையைக் காட்டக்கூடாது. கையைக் காட்டுவதும் பேச்சில்தான் சேரும்.

ஆனால் கூரை மட்டும் போதாது. எச்சரிக்கை வந்த நிமிஷமே எங்களை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். புயலன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன், அது முடிந்தும் சில நாள் இருக்க மாட்டேன். அப்பாவை முன்கூட்டியே என் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கடலைவிட்டு ரொம்ப உள்ளே இருக்கிற வீடு. என்ன சொல்கிறாய்?

சின்னவன்


அக்டோபர் 7

சின்னவனுக்கு,

உன் பக்கம் மட்டும் செய் என்றுதானே எழுதியிருந்தேன். என் பக்கமும் புது போல்ட் மின்னுகிறது. அது யார் வேலை? "கை பட்டுடுச்சு" என்றாயாம், உன் வீட்டுக்காரி கொல்லைப்புறம் வந்து சொன்னாள். கூரை முழுக்கக் கை படுகிற அளவுக்கு உனக்கு நீளமான கை இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

உன் மாமனார் வீட்டு யோசனையை அப்பாவிடம் சொன்னேன். கழுத்தில் தொங்குகிற அந்தப் பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கணும், அது உனக்கும் தெரியும். "சம்பந்தி வீட்டுல நான் ஒண்ணுக்குப் போறதுக்கு யாரைக் கூப்பிடுவேன்? சம்பந்தியையா?" என்றார். பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார்களே, அங்கே போகலாமா என்றேன். போன தடவை அங்கே இருந்தவர்களை விசாரித்துக்கொண்டு வந்துதான் கேட்டேன். கழிப்பறைக்குப் படி ஏறணும், சக்கர நாற்காலி போகாது. "என்னை மூட்டை மாதிரி நாலு பேர் பாக்கத் தூக்காத, பெரியவ. இங்கயே ஒரு மூலையில கட்டிலைப் போடு" என்றார்.

அந்த மூலைதான் இல்லை. நம் வீட்டில் காங்கிரீட் போட்ட அறை ஸ்டோர் ரூம் ஒன்றுதான். போன புயலுக்கு எல்லோரும் அதற்குள் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம், நீயும் டியூட்டிக்குக் கிளம்புகிறவரை விளையாடினாய், ஏமாற்றினாய். நேற்று ஒத்திகை பார்த்தேன். பின் வீட்டு அம்மாளைத் துணைக்குக் கூப்பிட்டு, அப்பாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனேன். கட்டில் வாசலிலேயே நின்றுவிட்டது. நடுவில் நம் சுவர் போவதால் திருப்ப முடியவில்லை. என் பாதியில் கதவு இருக்கிறது, இடம் இல்லை. உன் பாதியில் சின்னதாக ஒரு வழியும் ஜன்னலும் இருக்கின்றன, அங்கேயும் இதே அகலம்தான். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தேன். முட்டி சுவரில் இடிக்கிறது. ராத்திரி முழுக்க அப்படி உட்கார்ந்தால் அவர் இடுப்பு என்ன ஆகும்?

கொத்தனார் அன்றைக்கே கேட்டார். "இந்த ரூமை மட்டும் ரெண்டு பேருக்கும் பொதுவா விட்டுடலாமே" என்றார். "கூடாது" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்தச் சண்டை முழுக்க நாம் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். சுவருக்கு நூல் பிடித்தபோது நம் யாருக்கும் புயல் ஞாபகம் வரவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை என் வாயால் சொல்ல மாட்டேன், கையாலும் எழுத மாட்டேன். உனக்கே தெரியும்.

பெரியவள்

பி.கு.: தண்ணீர் டிரம் இரண்டையும் கழுவி வைத்திருக்கிறேன். அப்பாவின் மாத்திரைகளை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கச் சொல், உன் வீட்டுக்காரி மருந்துக் கடையில்தானே நிற்கிறாள்.


அக்டோபர் 11

அக்காவுக்கு,

சுவரை உடைக்கணும் என்கிறாய். சொல்லிவிட்டுப் போயேன், அதற்கு எதற்கு இத்தனை சுற்றல்?

நான் உடைக்க மாட்டேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

நீயும் நானும் அப்பாவுக்காகத்தான் சண்டை போட்டோம். ஊரில் எல்லாரும் பெற்றவர்களை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சண்டை போடுவார்கள். நாம் எனக்கு வேணும், எனக்கு வேணும் என்று போட்டோம். பஞ்சாயத்துப் பேச வந்தவரே தலையில் அடித்துக்கொண்டு போனார். அதனால்தான் மாதத்துக்கு ஒரு பக்கம் என்று ஆனது. அந்த ஒரு மாதம் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்தச் சுவர் ஒன்றுதான் இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் மாதத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா பேசிக்கொண்டே இருக்கிறார், சிரிக்கிறார். தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. என் மாதத்தில் அவர் பேசுவதே இல்லை. நான் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், "சாப்டியா?" என்பார். "சாப்டேன்பா" என்பேன். அப்புறம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். சுவர் போனால் அவர் உன் பக்கம் போவார், அங்கேயே தங்கிவிடுவார். யாரும் தள்ளிக்கொண்டு போக வேண்டாம், அவராகவே விசில் ஊதி உன்னைக் கூப்பிடுவார். எனக்கு அது தாங்காது, அவ்வளவுதான்.

அப்பாவை இந்த மாதம் மட்டும் என் பாதிக்கு அனுப்பு. இன்னும் சின்னதாக ஒரு கட்டில் செய்யச் சொல்கிறேன். ஜன்னலுக்கு இரட்டைப் பலகை அடித்துவிடுகிறேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள்.

மாத்திரை வாங்கியாயிற்று. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடிக்கு டேப் ஒட்டி, மீட்டர் பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

சின்னவன்


அக்டோபர் 22

சின்னவனுக்கு,

உன் கடிதத்தை எட்டு பத்து தடவை படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. சின்னக் கட்டிலாம். அவர் திரும்பிப் படுத்தால் கீழே விழுவார். உன் பாதி ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கிறது. இரட்டைப் பலகை என்ன, நாலு பலகை அடித்தாலும் நான் அங்கே அவரை விட மாட்டேன்.

அப்புறம் வந்தது கோபம் இல்லை. மடையா, என் பக்கம் அப்பா என்ன பேசுகிறார் என்று நீ ஒரு நாளாவது காதை வைத்துக் கேட்டிருக்கிறாயா? சத்தம் மட்டும் கேட்டாயாக்கும். முழுக்க உன்னைப் பற்றித்தான். "இந்நேரம் எந்தக் கம்பத்துல நிப்பான்? கையில கிளவுஸ் போட்டிருப்பானா?" என்பார். கரண்ட் போனால் மற்றவர்கள் விசிறியைத் தேடுவார்கள், இவர் ஜன்னலைப் பார்ப்பார். திரும்ப வந்ததும், "போட்டுட்டான் பாரு" என்று ஒரு சிரிப்பு. நீ கேட்கிற சிரிப்பு அதுதான். யாரோ எங்கேயோ போட்டிருப்பான், இவருக்கு எல்லாம் நீதான். நான் ராப்பகலாகத் தைத்த துணியைக் காட்டினால், "நல்லாருக்கு நல்லாருக்கு" என்று பார்க்காமலே சொல்வார். பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் அவருக்குப் பேச்சு வராது, இல்லாத பிள்ளையைப் பற்றித்தான் வரும். உன் பக்கம் இருக்கும்போது என்னைப் பற்றி நினைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கிறாரோ என்னவோ. அதை நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

எனக்கும் பொறாமைதான். எழுதிவிட்டேன், போ.

முதல் எச்சரிக்கையை இன்று காலை சொல்லிவிட்டார்கள். கடலுக்குள் உருவாகியிருக்கிறதாம், எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லையாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் தயார். மெஷின் இரண்டையும் மேஜை மேல் ஏற்றிக் கட்டிவிட்டேன். முக்கியமான தாள்களையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்பா தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். மீந்துபோன சீருடைத் துணியை இரட்டையாக மடித்து மணல் மூட்டைக்குப் பை தைத்தேன். நீலக் கட்டம் போட்ட மூட்டைகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்பதுபோல. கணக்கு தப்பி அதிகமாகத் தைத்துவிட்டேன். மீதியை உன் வாசலில் வைத்திருக்கிறேன்.

சுவரைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் நேற்றிலிருந்து என் பக்கத்துப் பூச்சைக் கொத்திக்கொண்டிருக்கிறேன். ஊசி பிடிக்கிற கை, உளி பிடித்தால் கோணலாகத்தான் கொத்துகிறது. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. நான் நிறுத்தப்போவதில்லை. நீ அந்தப் பக்கம் நின்று தடுத்தாலும் சரி.

பெரியவள்


அக்டோபர் 28

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ஜீப் வாசலில் நிற்கிறது. நம் கரையைப் பார்த்துத்தான் வருகிறதாம்.

நேற்று நான் இந்தப் பக்கத்திலிருந்து முதல் செங்கலைத் தள்ளினேன். அது உன் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் நீ நிற்கிறாய், வாய் நிறையக் குண்டூசி. நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நீ பதில் சொல்ல முடியாத நேரத்தில் பேசுவது நியாயம் இல்லை என்று விட்டுவிட்டேன். நீ ரொம்ப இளைத்துப்போயிருக்கிறாய். சாப்பிடுகிறாயா இல்லையா?

மேலே நாலு வரிசை எடுத்துவிட்டேன். மீதியை நீயும் இவளும் எடுங்கள். மேலிருந்து கீழே வரணும், நடுவில் குத்தாதீர்கள், மொத்தமாகச் சரிந்து காலில் விழும். என் பெரிய சுத்தியல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். செங்கல்லை அறைக்குள் குவிக்காதே, கட்டிலுக்கு இடம் வேண்டும். கொல்லையில் போடுங்கள், அதுவும் கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கூரை நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். உன் தையல் அறைக்கு மேலே மட்டும் சட்டம் கொஞ்சம் உளுத்திருக்கிறது, மாற்ற நேரமில்லை. அங்கே யாரும் இருக்காதீர்கள். காற்று தொடங்குமுன் மெயின் சுவிட்சை இறக்கிவிடு. கேஸை மூடிவிடு. மின்கம்பி அறுந்து கிடந்தால் செத்த கம்பி என்று நினைத்து யாரும் தொடக்கூடாது. இதை என் வீட்டுக்காரியிடம் ரெண்டு தடவை சொல், அவள் எதையும் தொட்டுப் பார்க்கிறவள்.

ராத்திரி போய் அப்பா பக்கத்தில் நின்றேன். நீ தூங்கிவிட்டாய் என்று இவள் சொன்னாள், கொல்லை வழியாக உள்ளே வந்தேன். "என் பக்கம் இருக்கும்போது ஏன்பா பேச மாட்டேங்கற?" என்று கேட்டுவிட்டேன். முதலில் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம், "அவ மெஷின் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்டா. நின்னுடுச்சுன்னா, கண்ணு வலிக்குதோ என்னமோன்னு இருக்கும்" என்றார்.

உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா?

கிளம்புகிறேன். அவரைப் பார்த்துக்கொள். உன்னையும்.

சின்னவன்


நவம்பர் 1

சின்னவனுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. உங்கள் ஆபீஸ் ஜீப் ஒன்று தெருமுனையில் மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ கிழக்குப் பக்கம் இருக்கிறாய், நன்றாக இருக்கிறாய் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் உன்னை இரண்டு நாளாகப் பார்க்கவில்லை என்கிறார். நான் முதல் ஆளைத்தான் நம்புகிறேன். நம்பியே ஆவேன்.

நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்.

சுவரை நானும் உன் வீட்டுக்காரியும் சாயங்காலத்துக்குள் இறக்கிவிட்டோம். அவள் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்தால் கல்யாணமான நாளிலிருந்தே அந்தச் சுத்தியல் மேல் கண் வைத்திருந்தாள் போலிருக்கிறது. "அண்ணி, நீங்க ரெண்டு பேரும் கடுதாசி எழுதிக்கிட்டே இருந்திருந்தா அடுத்த புயலே வந்திருக்கும்" என்றாள். கட்டில் சுலபமாகத் திரும்பி உள்ளே வந்தது. அப்பா இரண்டு விசில் கொடுத்தார், "ரைட், போலாம்."

இருட்டியதும் காற்று பிடித்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. தகரம் அலறியது. அப்பா கையை நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தோம், அவர் வராத கையையும். நடுராத்திரிக்கு மேல் உன் பக்கத்து ஜன்னலில் ஒரு கிளை வந்து அடித்தது. இரட்டைப் பலகையும் பிய்ந்து உள்ளே விழுந்தது, முனையில் ஆணியோடு. நீ சின்னக் கட்டில் போடலாம் என்று சொன்ன இடத்தில்தான் விழுந்தது. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. என் பாதியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் அதுவும் சரியாக வந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் கதவுக்குக் கீழே தண்ணீர் ஏறியது, நீலக் கட்ட மூட்டைகளையும் தாண்டி. மழை ஜன்னலில் அடித்தபோது கட்டிலைக் கதவுப் பக்கம் இழுத்தோம், தண்ணீர் வந்ததும் திரும்ப நடுவுக்குத் தள்ளினோம். இடம் இருந்தது, அதனால் தள்ள முடிந்தது.

அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை. உன் வீட்டுக்காரி டார்ச்சை எடுத்துக்கொண்டு, "முடிஞ்சுது மாமா, நான் போய்க் கூரையைப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்தாள். அப்பா ஒரே ஒரு விசில் ஊதினார், காது கிழிகிறமாதிரி. "ஸ்டாப்பிங்தான் வந்திருக்கு. யாரும் இறங்காதீங்க, வண்டி இன்னும் இருக்கு" என்றார். அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப வந்தது. அவள் வெளியே நின்றிருக்க வேண்டிய இடத்தில் இப்போது வேப்பமரம் கிடக்கிறது.

நீ சொன்னபடியே தையல் அறைக்கு மேலே மட்டும் தகரம் போய்விட்டது. ஒரு மெஷின் தண்ணீரில் ஊறிப்போனது. மற்ற கூரை முழுக்க நிற்கிறது, உன் பக்கமும் என் பக்கமும். நீ கட்டிய ஏணியும் கொல்லையில் அப்படியே கிடக்கிறது. கயிறு தளரவே இல்லை.

இன்று ஒன்றாம் தேதி. கணக்குப்படி அப்பாவை நான் உன் பக்கம் அனுப்ப வேண்டும். காலையில் எழுந்து பார்த்தேன், கட்டில் அறை நடுவில் கிடக்கிறது. தலை என் பக்கம், கால் உன் பக்கம். "எந்தப் பக்கம்பா தள்ளட்டும்?" என்று கேட்டேன். விசிலை எடுத்தார், ஒரு தடவை ஊதினார். அதன் பிறகு நான் கட்டிலைத் தொடவில்லை.

செய்தி அனுப்பு. ஒரு வரி போதும்.

பெரியவள்


நவம்பர் 4

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டோம், செய்தி அனுப்ப வழியில்லை. கை, கால், கண் எல்லாம் இருக்கிறது. கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன் என்று அப்பாவிடம் சொல்.

இங்கே ஒரு மதிலோரம் உட்கார்ந்து படித்தேன். ஜன்னல் பலகை விழுந்த இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. எங்கள் ஃபோர்மேன், "வீட்டுல ஏதாவதா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "ஒண்ணுமில்லை சார், எல்லாரும் நல்லாருக்காங்க" என்று சொல்லி அழுதேன். அவர் என்ன நினைத்தாரோ.

இன்று சாயங்காலம் நம் தெரு லைனுக்கு வருகிறோம். கடைசி இணைப்பைத் தெருமுனைக் கம்பத்தில் நான்தான் போடப்போகிறேன், கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து நம் வீட்டு வாசல் தெரியும். லைட் வந்ததும் வெளியே வந்து ஒரு குரல் கொடு. வீட்டுக்குள் எல்லாம் சரியாக எரிகிறதா என்று எனக்குத் தெரியணும். விசில் வேண்டாம். உன் குரலில் கொடு.

சின்னவன்


நவம்பர் 4, சாயங்காலம்

சின்னவனுக்கு,

இதை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். மீட்டர் பெட்டியின் கதவு புயலோடு போய்விட்டது, இனி அதற்குள் எதுவும் வைக்க முடியாது.

நீ ஜீப்பில் கொடுத்தனுப்பிய கடிதத்தில் கேட்ட ஒரு குரலுக்காக மத்தியானத்திலிருந்து தொண்டையைச் சரி செய்துகொண்டிருக்கிறேன் என்றால் சிரிப்பாய். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே விளங்கவில்லை. பத்து மாதமாக உன்னைப் பக்கத்து வீட்டுக்காரன் என்றும் அந்தப் பக்கத்து ஆள் என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "சின்னவனே" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அப்பா கட்டிலிலிருந்து, "இன்னும் சத்தமா" என்றார்.

அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் வீட்டுக்காரி மூன்றாவது தடவையாக வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். தெருமுனையில் ஜீப் நிற்கிறதாம். கம்பத்தில் ஒரு ஆள் ஏறுகிறானாம். தொப்பி வைத்திருப்பதால் யார் என்று தெரியவில்லை என்கிறாள். எனக்குத் தெரியும். இடது காலை முதலில் வைத்து ஏறினால் நீதான், சின்ன வயசில் நம் ஏணியிலும் அப்படித்தான் ஏறுவாய்.

அந்த ஏணியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அதை அவிழ்க்க வேண்டாம். கட்டு போட்ட இடத்தில் கொஞ்சம் தடிப்பாக, அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூரைக்கு எட்டுகிறது. சுவரைத் திரும்ப எழுப்புவதா என்று நீ கேட்டால், செங்கல்லையெல்லாம் தையல் அறைச் சுவருக்கு எடுத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். நீ மாட்டேன் என்று சொன்னாலும்

விளக்கு வந்துவிட்டது. "போட்டுட்டான் பாரு" என்கிறார் அப்பா. மீதியை வாயால் சொல்கிறேன்.